லாரிக்குழியில் மணி பன்னிரண்டு நாற்பது

தண்ணீருக்கு அடியில் என்ன சத்தம் இருக்கும் என்பதை நான் முதன்முதலாகக் கேட்டது ஒரு சித்திரை மாத மத்தியானம். கொள்ளிடத்தின் நடுவில், சுடுமணலில், ஒரு கறுப்புக் குடைக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"மாட்டிக்குங்க சார்" என்று ரஷீதா மேடம் ஹெட்போனை நீட்டினார். அதிலிருந்து புறப்பட்ட ஒயர் மணலில் ஊர்ந்து போய், ஆற்றில் மிஞ்சியிருந்த ஒரு குழியின் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. அதன் முனையில் கட்டைவிரல் அளவில் ஒரு மைக்.

மேலே தண்ணீர் அசையவே இல்லை. ஒரு தும்பி கூட இல்லை. ஆனால் காதுக்குள், எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல ஒரே சடசடப்பு. கருவி பழுதோ என்று நினைத்தேன்.

"பூச்சிங்க சார். அரிசி அளவுதான் இருக்கும். காலை உடம்புல தேச்சுப் பாடுதுங்க."

பிறகு, எண்ணெய் காணாத கதவைத் திறப்பதுபோல நீளமாக ஒரு 'கிர்ர்'. அது கெளுத்தி, முள்ளைத் தேய்க்கிறது என்றார். அதற்கும் கீழே, வெகு ஆழத்தில், யாரோ புரண்டு படுப்பதுபோல ஒரு மந்தமான அசைவு. அது என்ன என்று கேட்டேன்.

"அதுதான் தெரியல" என்றார் மேடம், சந்தோஷமாக.

அப்போதுதான் கரையிலிருந்து தனம் வந்தாள். தலையில் துண்டு, காலில் செருப்பு இல்லை. அந்த மணலில் எப்படி நடந்தாளோ. எங்கள் பரிசல்காரர் அய்யாவுவின் மனைவி அவள். தண்ணீருக்குப் பத்தடி முன்னாலேயே நின்றுவிட்டாள்.

"மெஷின் என்ன சொல்லுது மேடம்?"

"நிறைய சொல்லுதும்மா. இப்பதானே ஆரம்பிச்சிருக்கோம்."

"நிறையல்லாம் வேணாம். அங்க ஒண்ணுமே இல்லன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்க ரெண்டு பேரும் சொல்லிடணும். படிச்சவங்க சொன்னா கேப்பாரு. இல்லன்னா அந்தக் குழி அவரையும் எடுத்துக்கும்."

குழியின் கதை

சென்ற வாரம் இந்தப் பத்தியில் ரயில்வே பணிமனைச் சங்கைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, தேதிகளைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும்படி ஆசிரியர் அன்போடு சொல்லியிருக்கிறார். என் டைரியில் எல்லாத் தேதியும் இருக்கிறது. இங்கே 'இரண்டு வருடம் முன்பு' என்றால் போதும் என்று விடுகிறேன்.

அதற்கும் பல வருடம் முன்னால், ஆற்றுக்குள் மணல் லாரிகள் இறங்கிக்கொண்டிருந்தபோது தோண்டிய பள்ளம் அது. லாரிகள் போயின, பள்ளம் போகவில்லை. பஞ்சக்கரைப் பக்கத்து ஆட்கள் அதற்கு லாரிக்குழி என்று பெயர் வைத்தார்கள். கொள்ளிடம் முழுக்க மணலாகக் காயும் கோடையிலும் அதில் மட்டும் தண்ணீர் நிற்கும். ஓரத்தில் முழங்கால் அளவு. அடுத்த எட்டில் காலுக்குத் தரை கிடையாது.

இரண்டு வருடம் முன்பு, முக்கொம்பு அணையில் திடீரென்று தண்ணீர் திறந்துவிட்ட ஒரு மாலையில், அய்யாவுவின் தம்பி செல்வம் வலையை எடுக்கப் போனான். மறுநாள் அவனுடைய பரிசல் ரயில் பாலத்துத் தூணில் கவிழ்ந்து கிடந்தது. செல்வம் கிடைக்கவில்லை. தீயணைப்புக்காரர்கள் ஒரு வாரம் தேடினார்கள். அய்யாவு ஒரு மாதம் தேடினார்.

அவர் தேடலை நிறுத்துவதற்குத் தனம் மகளின் தலையில் அடித்துச் சத்தியம் வாங்க வேண்டியிருந்தது. இனித் தனியாக அந்தக் குழியில் இறங்கக் கூடாது. மேடத்தின் ஆராய்ச்சிக்குப் பரிசல் ஓட்ட மட்டும், பகலில், ஆட்களோடு போகலாம்.

"சத்தியம் பண்ணிட்டாரு" என்றாள் தனம். "ஆனா சாயங்காலம் வீட்டுக்கு வர்றப்ப ஒரு பக்கத்துக் காது ஈரமா இருக்கு சார். ஒரு பக்கம் மட்டும்."

மேடமும் நானும்

ரஷீதா மேடம் நகரத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் சொல்லித்தருபவர். பெரிய பள்ளிவாசல் பக்கத்து வீடு. ஓட்டம் நின்ற ஆற்றில் மிஞ்சும் குட்டைகளில் யார் யார் பிழைத்திருக்கிறார்கள், அடுத்த தண்ணீர் வரும்வரை எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பது அவர் ஆராய்ச்சி. வலை போட்டால் உயிர்கள் கலைந்துவிடும். கலங்கல் நீரில் கேமராவுக்குக் கண் தெரியாது. அதனால் காது.

"தண்ணி நின்னா ஆறு செத்துப்போச்சுன்னு எழுதுறாங்க சார். செத்தது இவ்வளவு பேசுமா?" என்பார்.

பல வருடமாகப் படித்துறையில் நீர்மட்டம் குறித்து வைத்த என் நோட்டுகளைப் பார்க்கத்தான் முதலில் வீட்டுக்கு வந்தார். போகும்போது என்னையும் வேலைக்கு எடுத்துக்கொண்டு போனார். சம்பளமில்லாத வேலை. குழிக்கு நடுவே மூங்கில் நட்டு, அதில் ஒரு பதிவுப் பெட்டி கட்டியிருந்தோம். அது இரவும் பகலும் பதிவு செய்யும். வாரம் இருமுறை அதிலுள்ள மெமரி அட்டையை மாற்றி, வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டு, எந்த நேரத்தில் என்ன சத்தம் என்று நோட்டில் எழுதுவது என் பொறுப்பு. பெட்டியின் கடிகாரத்தைச் சரிவைப்பதும் என் பொறுப்பு. அதை நானே கேட்டு வாங்கினேன்.

ரயில்வேயில் முப்பது வருடம் டைம் கீப்பராக இருந்தவன் நான். யார் எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதியே பென்ஷன் வாங்கியவன். மேடத்தின் மாணவர்கள் வைக்கும் கடிகாரத்தை எப்படி நம்புவேன்?

மூன்றும் இரண்டும்

இந்த இடத்தில் ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும். அய்யாவு துடுப்பு போட்டபடியே எனக்குச் சொன்னது.

கலங்கல் நீரில் வலை விரித்தால் மீன் தானாக வந்து விழாது. விரட்ட வேண்டும். வலைக்கு இந்தப் பக்கம் ஒரு பரிசல், அந்தப் பக்கம் ஒரு பரிசல். ஒருவர் துடுப்புக் கட்டையால் பரிசலின் விளிம்பில் மூன்று முறை தட்டுவார். எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் இரண்டு தட்டுவார். நடுவில் மாட்டிய மீன் வலைக்குள் பாயும்.

"மீனுக்கு மட்டும் இல்லிங்க. பனி மூட்டத்துல ஆளு தெரியாது. மூணு தட்டுனா, எங்கடா இருக்கன்னு அர்த்தம். ரெண்டு தட்டுனா, இங்கதாண்ணே இருக்கேன்னு அர்த்தம்."

"மூன்று தட்டுவது யார்?"

"மூத்தவன்தான். நான்தான்."



பன்னிரண்டு நாற்பது

முதல் அட்டையை நான் கேட்டது சாப்பாட்டு மேசையில். "காதுல அதை மாட்டிக்கிட்டுச் சோறு தின்னாதீங்க, மீன் முள்ளு தொண்டையில நிக்கும்" என்று ரீட்டா சொல்லிக்கொண்டிருந்தாள். என் மனைவி. எனக்குப் பூச்சிகள் மட்டும் கேட்டன.

பகல் பன்னிரண்டு நாற்பது என்று பெயரிட்டிருந்த பதிவில், பூச்சிகள் சட்டென்று நின்றன.

டொக். டொக். டொக்.

மரத்தில் மரம் படும் சத்தம். ஐயமே இல்லை. பிறகு ஏழெட்டு மூச்சு விடும் நேரம் எதுவும் இல்லை. பிறகு, மிக மெதுவாக, கீழேயிருந்து இரண்டு. மரச்சத்தம் இல்லை அது. பஞ்சு மூட்டையைக் கையால் தட்டினால் வருமே, அதுபோல.

சோறு ஆறிவிட்டது.

அடுத்த நாள் பதிவிலும் அதே பன்னிரண்டு நாற்பது. அதற்கடுத்த நாள் நாற்பத்திரண்டு. மூன்று, பிறகு இரண்டு. சில நாள் மூன்றுக்கு விடை இல்லை. மறுபடி மூன்று, அப்போது இரண்டு. ஒன்பது நாளுக்கு ஒன்பது வரி எழுதினேன். என் கையெழுத்து கோணலாக இருப்பதை இப்போது பார்த்தாலும் தெரிகிறது.

பத்தாம் நாள் நேரிலேயே பார்த்துவிடுவது என்று போனேன். பதினோரு மணிக்கே குழிக்கரையில் குடை விரித்தேன். தயிர்சாதம், மாவடு. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை மணலும் கானலும்தான். பன்னிரண்டு முப்பது. நாற்பது. ஐம்பது. ஒரு ஆள் இல்லை, ஒரு பரிசல் இல்லை, ஒரு நாய்கூட இல்லை. டிபன் பாக்ஸைத் தண்ணீரில் கழுவி, ஓரத்துக் கல்லில் தட்டிவிட்டு, நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து அந்த நாளின் பதிவைக் கேட்டேன். பன்னிரண்டு நாற்பது.

டொக். டொக். டொக்.

நான் உட்கார்ந்திருந்தேன். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண்முன்னால் அசையாமல் கிடந்த அந்தத் தண்ணீருக்குள் யாரோ மூன்று தட்டியிருக்கிறார்கள். யாரோ இரண்டு தட்டியிருக்கிறார்கள்.

நான் பேய் பிசாசை நம்புகிறவன் இல்லை. அன்று மாலை மாதா படத்துக்கு முன்னால் வழக்கத்தைவிட நேரம் நின்றேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மறுநாள் பதிவை மேடத்திடம் கொண்டுபோனேன். அவர் சிரிக்கவில்லை. மூன்று முறை கேட்டார். "நீங்க அங்க இருந்தீங்களா சார்? நிச்சயமா?"

"எனக்கு நேரம் தப்பாது மேடம்."

"ஆமை, மிதக்குற கட்டை, மூங்கில்ல பெட்டி ஆடுறது... மூணையும் ரெண்டையும் இவ்வளவு ஒழுங்கா எதுவும் செய்யாதே." ஹெட்போனை மேசையில் வைத்தார். "தனத்துக்கிட்ட இப்போதைக்கு ஒண்ணும் சொல்லாதீங்க."

தனம் விடவில்லை. காந்தி மார்க்கெட்டில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் பிடித்துக்கொண்டாள். "சொன்னீங்களா சார் அவர்கிட்ட? ஒண்ணும் இல்லன்னு?"

"இன்னும் ஆராய்ச்சி முடியலம்மா."

என் முகத்தையே பார்த்தாள். சுமைதூக்குகிற ஒருவர் "வழி, வழி" என்று எங்களை விலக்கிக்கொண்டு போனார். அவள் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

பாலம் சொன்னது

என்னைத் திருத்தியது ரயில்.

ரயில் பாலம் குழியிலிருந்து அதிக தூரமில்லை. வண்டி பாலத்தில் ஏறினால் தூண் வழியாக அதிர்வு தண்ணீருக்குள் இறங்கி, பதிவில் பெரிய உறுமலாக வரும். அதையும் எழுதி வைப்பேன், பழைய பாசம். ஒரு நாள் நோட்டைப் புரட்டும்போது உறைத்தது: பகல் பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் நடுவில் இத்தனை வண்டிகளா? வீட்டு மொட்டைமாடியிலிருந்து எனக்கு அந்தப் பாலம் கேட்கும். அந்த நேரத்தில் அது தூங்கும். வண்டிக்குப் பின் வண்டியாக, நடுவில் ஒரு நீளமான சரக்கு வண்டியோடு அது உறுமுவது மாலையில்.

உடனே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

பத்தாம் நாள் பதிவுகளை முதலிலிருந்து ஓட்டினேன். காலை ஏழு இருபது என்ற பதிவில் கிடைத்தது: கல்லில் டிபன் பாக்ஸ் தட்டும் சத்தம். நான் கழுவியது பன்னிரண்டு ஐம்பதுக்கு.

பெட்டியின் முகப்பில் நம் ஊர் நேரம்தான் ஓடியது. என் கைக்கடிகாரத்தோடு வினாடி சுத்தமாக நானே ஒத்துவைத்தது அதைத்தான். ஆனால் பதிவுகளுக்கு அது வைக்கும் பெயர் கிரீன்விச் நேரம். ஐந்தரை மணி நேரம் பின்னால். மேடத்தின் மாணவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். டைம் கீப்பருக்குத் தெரியாமல் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ரீட்டா அரைமணி நேரம் சிரித்தாள். "முப்பது வருஷம் அடுத்தவன் அஞ்சு நிமிஷம் லேட்டுன்னு எழுதினீங்களே!"

நானும் சிரித்தேன். அப்புறம் கூட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு நாற்பதோடு ஐந்தரை. மாலை ஆறு பத்து.

ஆறு பத்து

மறுநாள் ஐந்தே முக்காலுக்கே கரையில், காய்ந்த நாணல் புதருக்குப் பின்னால் நின்றேன். வெயில் சாய்ந்து மணல் செம்பு நிறத்தில் கிடந்தது. ஆறு மணிக்கு அய்யாவு தனியாகப் பரிசலைத் தலைமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார். வலை இல்லை. குழியின் நடுவுக்குப் போனார். துடுப்பைத் திருப்பிப் பிடித்து விளிம்பில் தட்டினார்.

டொக். டொக். டொக்.

பிறகு குனிந்தார். இடது காதைத் தண்ணீரில் வைத்தார். பரிசல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே நான்கு விரல் இடம்கூட இல்லை. அவர் இன்னும் குனிந்தார். அவர் கால் இருந்த பக்கம் உயர்ந்தது. கூப்பிட்டால் திடுக்கிட்டு விழுந்துவிடுவாரோ என்று வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

அவர் இரண்டு தட்டவே இல்லை. அதை நான் பார்த்தேன். மூன்று மட்டும்.

கரைக்கு வந்தவர் என்னைப் பார்த்துத் துடுப்பைக் கீழே வைத்தார். காதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"சத்தியம் பண்ணீங்களே அய்யாவு?"

"தனியா எறங்க மாட்டேன்னுதாங்க சத்தியம். நான் எங்க எறங்குனேன்? பரிசல்லதானே இருக்கேன்."

பிறகு கேட்டார். "மெஷின்ல கேக்குதுங்களா சார்?"

"எது?"

"நான் தட்டுறது."

"கேக்குது."

"அதுக்கு அப்புறம்?" குரல் இறங்கிவிட்டது. "எனக்குக் காதை வச்சா ஏதோ இருக்கிற மாதிரி இருக்கு. ஆனா தெளிவா இல்ல. இன்னும் கொஞ்சம் கீழ போனா தெளிவாக் கேக்கும்னு தோணுது."

இன்னும் கொஞ்சம் கீழே. தனம் கேட்டதற்கு என்ன அர்த்தம் என்று அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. இருக்கிறது என்றால் இவர் போய்விடுவார். இல்லை என்றால், நான் எழுதி வைத்த ஒன்பது வரியும் பொய்.

"மேடத்தைக் கேட்டுச் சொல்றேன்" என்றேன். கோழைத்தனம்தான்.

நான்கு காது

நான் பார்த்ததைச் சொல்லி, தனம் கேட்டபடியே சொல்லிவிடலாம் என்றேன். மேடம் மறுத்துவிட்டார். "ஒண்ணும் இல்லன்னு சொல்ல மாட்டேன் சார். அந்தக் குழியில இருக்கிற அளவு உயிர் இந்தப் பக்கத்துல எங்கயும் இல்ல."

"மீன் என்று சொல்லிவிடலாமே?"

"மீனா இருக்கலாம். கெளுத்தி வகையில சிலது காத்துப்பையை அதிரவச்சு இப்படிச் சத்தம் போடும். யாரோ கண்ணாடித் தொட்டியிலேர்ந்து ஆத்துல கொட்டின டேங்க் கிளீனர் மீனாவும் இருக்கலாம். தட்டுனதுக்குத் திருப்பிச் சொல்லுதுன்னு நான் இன்னும் நிரூபிக்கல. அதை அப்படியே அவங்க ரெண்டு பேருக்கும் சொல்லுவோம். கேக்கட்டும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அய்யாவுவின் வீட்டுக்குப் போனோம். தகரக் கூரை, வெளியே காயும் வலை. மேடம் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னார். ஹெட்போன் முதலில் அய்யாவுவுக்கு.

அவர் கேட்டார். கண்ணை மூடினார். விரலால் இன்னொரு முறை என்றார். இன்னொரு முறை. ஐந்தாவது முறையில் தனம் அதை அவர் தலையிலிருந்து பிடுங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள்.

எனக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவள் முழுதும் கேட்டாள். கழற்றி மடியில் வைத்தாள்.

"இதுவா ஒந்தம்பி?" என்றாள் கணவனிடம். "அவன் ரெண்டு தட்டுனா மூங்கில் பொளந்துடும்யா. மாசத்துக்கு ஒரு துடுப்பு ஒடச்சவன் அவன். பூனை பால் குடிக்கிற மாதிரியா தட்டுவான்?"

அய்யாவு சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே வேறாக மாறிவிட்டது. நானும் மேடமும் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தனம் ஹெட்போனை மேடத்திடம் கொடுத்துவிட்டுச் சொன்னாள். "நாளைக்கு நானும் வரேன்."

"ஒனக்குத் தண்ணின்னா ஆகாதே?"

"ஆகாதுதான். மூணு நீ தட்டு. ரெண்டு நான் தட்டுறேன். நீ நிமிந்து ஒக்காரு. அது போதும்."

வந்தாள். பரிசலின் நடுவில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரு கையில் அவர் சட்டையையும் இன்னொரு கையில் ஒரு கட்டையையும் பிடித்தபடி. அடுத்த அட்டையில் மூன்று கேட்டது. உடனே, பரிசல் உடைந்ததோ என்று நினைக்கும்படி இரண்டு. என் பேனா துள்ளியது. அந்த மெல்லிய இரண்டு அதற்குப் பிறகு வரவில்லை. மேடத்துக்கு உள்ளூர வருத்தம்.

பத்துப் பன்னிரண்டு நாள் போனார்கள். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு அய்யாவுவே, "இன்னிக்கி வேணாம், கால் வலிக்குது" என்றாராம். தனம் எங்கள் வீட்டுக்கு வந்து ரீட்டாவிடம் சொல்லிவிட்டுப் போனாள், அரைக்கிலோ விராலோடு.

எடுத்த நாள்

மேட்டூரில் தண்ணீர் திறக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. பெட்டியை எடுத்தாக வேண்டும். எடுப்பதற்கு முந்தின நாள் திருவெள்ளறையில் தனத்தின் தங்கை மகளுக்குக் காதுகுத்து. எங்களையும் அழைத்திருந்தார்கள். மாலை ஆறு பத்துக்கு அய்யாவு என் எதிரில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கப் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தனம் யாருடனோ சீர்வரிசை பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நேரத்தை நான் பார்த்தேன். பழக்கம்.

மறுநாள் காலை பெட்டி வெளியே வந்தது. கடைசி அட்டையை மேடத்தின் அறையிலேயே கேட்டோம். முந்தின நாளின் பன்னிரண்டு நாற்பது என்ற பதிவு. அதாவது ஆறு பத்து.

கடுகு வெடிப்பதுபோலப் பூச்சிகள். பிறகு அவை நின்றன.

மூன்று இல்லை. யாரும் தட்டவில்லை. தட்ட யாரும் அங்கே இல்லை.

இரண்டு மட்டும் வந்தது. மெதுவாக, கீழேயிருந்து.

மேடம் அதை மறுபடி ஓட்டிக் கேட்டார். பிறகு, "மீன் நேரத்துக்குப் பழகிடும் சார். தொட்டியில தீனி போடுற நேரத்துக்கு மேல வந்து நிக்குமே, அந்த மாதிரி" என்றார். சொல்லிவிட்டு ஹெட்போனைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

இருக்கலாம். எனக்கும் அதைவிட நல்ல விளக்கம் இல்லை. நோட்டில் நேரத்தை எழுதி, மூன்று என்ற கட்டத்தில் கோடு போட்டு, இரண்டு என்ற கட்டத்தில் குறி போட்டேன். அடுத்த வாரம் தண்ணீர் வந்தது. குழி இருந்த இடம் தெரியவில்லை.

இதை எழுதலாமா என்று போன வாரம் தனத்திடம் கேட்டேன்.

"எழுதுங்க சார். பேரை மட்டும் மாத்திடுங்க. எங்க வீட்டுல யாரும் பத்திரிகை படிக்கிறதில்ல."

மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்: "நாங்க போகாத நாள்ல பொட்டியில என்ன இருந்துச்சுன்னு அவரு ஒரு நாளும் கேக்கல. நானும் கேக்கல. கேட்டா நீங்க பொய் சொல்ல மாட்டீங்க, அதான்."